இன்று இல்லை

"அது இல்லன்னா?"

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே அந்த வார்டன் அம்மா என் உயிரை வாங்கினார். நான் பாட்டுக்கு அடுப்படியில் விறகு அடுக்கிக்கொண்டிருப்பேன். பின்னால் வந்து நிற்பார். "அக்கா, இந்த வெறகு இல்லன்னா?" என்பார். மரத்தூள் அடுப்பு இருக்கிறது என்பேன். "மரத்தூளும் நனைஞ்சி போச்சின்னா?" என்பார். நனைந்தால் உங்கள் தலையில் உலை வைப்பேன் என்று வாய்வரை வரும். அதை விழுங்கிவிட்டு, "வரட்டி இருக்குதும்மா" என்பேன். "எத்தினி நாளைக்கு வரும்?" என்று அடுத்தது தயாராக இருக்கும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தின் கடைசித் தெருவையும் தாண்டி, வேகவதி ஆற்றுப் பக்கமாகத் தரை சரிகிற இடத்தில் எங்கள் இல்லம் இருந்தது. பார்த்துக்கொள்ள ஆளில்லாத வயசானவர்கள் முப்பத்தெட்டுப் பேர். அதில் பன்னிரண்டு பேர் கட்டிலை விட்டு எழ முடியாதவர்கள். பதினோரு பேர் ஆயுசு முழுக்கத் தறியில் உட்கார்ந்து, கடைசியில் பார்வை போய் வந்து சேர்ந்தவர்கள். கட்டில்காரர்களைக் கவனிக்க இரண்டு பெண்கள். சமையலும் ஸ்டோரும் என் பொறுப்பு. நான் கூரத்துக்காரி. நிலத்தில் வேலை செய்து வளர்ந்த கை, நாக்கும் அதே மாதிரிதான்.

வார்டனாக வந்தவருக்கு என்னைவிட ஏழெட்டு வயது குறைச்சல். எல்லோரும் அவரை வார்டம்மா என்றுதான் கூப்பிட்டோம். ஒல்லி உடம்பு, மூக்கின் நுனிக்கு இறங்கி வரும் கண்ணாடி, நடையில் எப்போதும் ரயிலைப் பிடிக்கப் போகிற அவசரம். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலையாம். வந்த முதல் நாளே ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டைத் தூக்கிக்கொண்டு வந்து, வாசல் உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டார். "கோயில் மணி அடிச்சா இந்த ஊர்ல யாரு திரும்பிப் பாக்குறாங்க? நாளெல்லாம் அடிக்குது. இந்தச் சத்தம் வேற எங்கியும் கெடையாது" என்றார். ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். எனக்குப் பல் கூசியது.

சாவிக்கொத்து அவர் இடுப்பில் இருக்காது. அதுதான் எனக்கு முதலில் விசித்திரமாகப் பட்டது. ஸ்டோர் சாவி, மருந்து அலமாரி சாவி, பின்வாசல் சாவி எல்லாம் கூடத்துச் சுவரில் ஆணியில் தொங்கும். திருட்டுப் போகாதா என்று சண்டைக்குப் போனேன். "போனா போவட்டும்கா. பூட்டிக் கெடந்தா அதவிட மோசம்" என்றார்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு கரும்பலகை உண்டு. தினமும் அதில் நல்ல வாசகம் எழுதிப் போடுவது பழைய வழக்கம். வார்டம்மா வந்த இரண்டாம் மாதம் ஒரு நாள் காலையில் நான் காபிக்குப் பால் சுட வைக்கப் போகும்போது பலகையைப் பார்த்தேன். நல்ல வாசகத்தைக் காணோம். கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: இன்று இல்லை: கிணறு.

கிணற்றடிக்கு ஓடினேன். கயிறும் இல்லை, ராட்டினமும் இல்லை. இரண்டையும் கழற்றித் தன் கட்டிலுக்கு அடியில் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல வார்டம்மா மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது வெளாட்டு? நாப்பது பேருக்கு நான் இன்னாத்த வெச்சி ஒல வைக்கிறது?"

"கெணறு இடிஞ்சி போச்சிக்கா. இன்னா செய்விங்க?"

"எங்க இடிஞ்சிது? நல்லா குத்துக்கல்லாட்டம் நிக்குது!"

"இடிஞ்சி போச்சி" என்றார், கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு. "ஆனா பன்னெண்டு மணிக்குச் சோறு போட்டாவணும். எது போனாலும் பன்னெண்டு மணி போவக் கூடாது."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. செய்து காட்டுகிறேன் பார் என்று முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு கிளம்பினேன். பக்கத்துத் தெருவில் சாயம் போடுகிற வீட்டில் நல்ல கிணறு. அவர்களிடமே இரண்டு பெரிய தாமிர அண்டாவும் இரவல் வாங்கினேன். மூன்று தடவை கழுவிவிட்டுத்தான் தண்ணீர் பிடித்தேன், சத்தியமாக. தெருப் பையன்களைத் தூக்கச் சொல்லிக் கொண்டுவந்து, அந்த அண்டாவிலேயே உலை வைத்து, பதினொன்றரைக்கெல்லாம் மூடியைத் திறந்தேன். சோறு அரக்குக் கலரில் வெந்திருந்தது. முதல் தரமான அரக்கு. கல்யாணப் புடவைக்கு இந்தக் கலர் கிடைக்காதா என்று கடைக்காரர்கள் ஏங்குகிற அரக்கு.

விஷயம் கூடத்துக்குப் பரவியதும், பழைய நெசவாளிகளில் மூத்தவரான வடிவேலு தாத்தா தடியைத் தட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. "அரக்கா வந்துதா? அத்தோட ஒரு கரையும் போட்டிருந்தா கட்டிக்கலாமேமா!" என்றார். கூடமே சிரித்தது. எனக்கு அழுகை முட்டியது. வார்டம்மா சிரிக்கவில்லை. ஓடிப்போய்ப் பரணில் இருந்து அவல் மூட்டையை இறக்கினார். வெல்லத்தோடு பிசைந்து, சரியாகப் பன்னிரண்டுக்குப் பரிமாறினோம். பிறகு பலகையின் ஓரத்தில் சின்னதாக எழுதினார்: சாய வீட்டு அண்டா வேண்டாம். எழுதிவிட்டு என்னைப் பார்த்து, "இது நமக்கு இன்னிக்கே தெரிஞ்சிது பாருங்க, எவ்ளோ நல்லது!" என்றார். முகமெல்லாம் சந்தோஷம். புதையல் எடுத்தவர் போல நின்றார்.

அதிலிருந்து மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் இந்தக் கூத்துதான். இன்று இல்லை: பால். இன்று இல்லை: மருந்துக்காரர். இன்று இல்லை: விளக்கு. விளக்கு இல்லாத அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு நாங்கள் பார்வை உள்ளவர்கள் எல்லாம் ஆளுக்கு ஆள் முட்டிக்கொண்டு நின்றோம். வடிவேலு தாத்தாவும் அவர் ஆட்களும் வரிசையாக வந்து, தட்டைக் கையால் தடவிப் பார்த்து, ஒரு பருக்கை சிந்தாமல் எல்லோருக்கும் பரிமாறி முடித்துவிட்டார்கள். "எங்களுக்கு இது நாளும் இருக்கிறதுதானேமா" என்றார் தாத்தா. அன்றைக்கும் வார்டம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கைதட்டிக் குதித்தார். வார்டன் குதிப்பதை நான் அதற்கு முன்னும் பின்னும் எங்கேயும் பார்த்ததில்லை.

சரி, பொருளோடு நிறுத்திக்கொள்வார் என்று நினைத்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை பலகையைப் பார்த்தால்: இன்று இல்லை: சமையல் அக்கா.

என்னைத்தான்! என் அடுப்படிக்குள் நான் கால் வைக்கக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. கட்டில் பார்க்கிற பெண்கள் இரண்டு பேரும் என் கரண்டியைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்கள். உப்பு எங்கே என்று தேடினார்கள். எனக்குக் கை துருதுருக்கிறது, வார்டம்மா கண்ணால் அதட்டுகிறார். இதில் எரிச்சல் என்னவென்றால், சாம்பார் நன்றாகவே வந்திருந்தது. பன்னிரண்டு மணிக்கு இலையும் தட்டும் போட்டபோது நானும் போய் உட்கார்ந்தேன். எனக்குத் தட்டு இல்லை.

"எனக்கு?"

"பலகையில பேர் இருக்கிற ஆளுக்கு ஒலையில அரிசி கெடையாதுக்கா. நீங்கதான் இல்லியே. இல்லாத ஆளுக்கு யாராவது சோறு வடிப்பாங்களா? அப்பறம் ஒத்திகையே பொய்யாயிடும்."

அப்படியே எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு கூரத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன். தம்பி வீட்டில் சாப்பிட்டேன். சாப்பிடும்போது அழுதேன், கோபம் ஒரு பங்கு, நான் இல்லாமலும் நடந்துவிட்டதே என்கிற வயிற்றெரிச்சல் மூன்று பங்கு. மறுநாள் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் திரும்பி வந்தேன்.

வார்டம்மா பின்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் சொல்வதற்குள் அவரே பேசினார். "மின்ன நான் வேற ஒரு ஊர்ல, இதே மாதிரி எடத்துல இருந்தேன்கா. ஒரு லீவு நாள். சாவி வெச்சிருந்தவரு ஊர்ல இல்ல. சமைக்கிறவங்களுக்கு ஜொரம். பெரியவங்க எல்லாம் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. கட்டில்ல கெடந்தவங்களுக்குக் காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்ல. நான் பஸ்ஸ விட்டு எறங்கிப் போயிப் பாக்குறேன்..." கீரைக் காம்பை ஒடித்தபடியே இருந்தார். "யாரும் கெட்டவங்க இல்லக்கா. ஒவ்வொருத்தரும் இன்னொருத்தர் இருப்பாங்கன்னு நெனச்சிட்டாங்க. ஒரு பாட்டி, பாவம், என் மடியிலதான்..."

நான் வேலையை விடுவது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கட்டுக் கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தேன்.

இனி பெரிய ஒத்திகைக்கு வருகிறேன். வேகவதியில் தண்ணீர் ஓடிய நாட்களை நான் விரல்விட்டு எண்ணிவிடலாம். மணலும் முள்ளும்தான் ஆறு. ஆனால் வார்டம்மாவுக்கு அது போதவில்லை. "தண்ணி வந்துட்டா கட்டில்காரங்க பன்னெண்டு பேரையும் எங்க கொண்டு போறது?" என்று ஆரம்பித்தார். எங்களுக்கு மேட்டுப் பக்கம் இருந்த தெருவில் வீட்டுக்கு வீடு போய்ப் பேசினார். எல்லாம் தறிக்காரர்கள் வீடு, உயரமான தளம். பன்னிரண்டு வீடு பிடித்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டில்காரர், தூக்குவதற்கு அந்த வீட்டில் இருந்தே இரண்டு பேர். இரண்டு மூங்கிலில் கோணி தைத்துத் தூக்குப் படுக்கை செய்தார். யார் எந்த வீடு என்று பலகையின் கீழ்ப்பாதியில் பெயின்ட்டால் எழுதிவைத்தார். தண்டவாளத்தை மூன்று மூன்றாக அடித்தால் எல்லோரும் ஓடிவர வேண்டும்.

முதல் வீட்டுக்காரர் ஏகாம்பரம். முப்பத்தைந்து வயது, ஆள் நல்ல வாட்டசாட்டம். எங்கள் பொன்னம்மா பாட்டியைத் தூக்குவது அவருக்கும் அவர் தம்பிக்கும் பங்கு. ஒத்திகை அன்று, "பாட்டி, மாப்ள ஊர்வலம் போலாமா?" என்பார். பாட்டிக்கு வெட்கம் தாங்காது.

அமாவாசைக்கு அமாவாசை ஒத்திகை நடந்தது. காஞ்சிபுரத்தில் அமாவாசை அன்று தறி ஓடாது, அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. ஆண்கள் சும்மாதான் இருப்பார்கள். தண்டவாளச் சத்தம் கேட்டதும் இருபத்துநாலு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவருவார்கள். பின்னாலேயே பிள்ளைகள், பெண்கள். தெருவே திருவிழா கொண்டாடும். நான் சுண்டல் செய்து கொடுப்பேன். முதல் தடவை முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆறாவது தடவை இருபதே நிமிஷம். வார்டம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "இருவது! இருவது!" என்று கத்திக்கொண்டே தெருவில் ஓடினார். நானும் கூடவே ஓடினேன். எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டிருந்தது.

அந்தக் கார்த்திகையில் மழை பிடித்தது. இரண்டு நாளாக விடவில்லை. மூன்றாம் நாள் காலையில் பலகையில் எழுதியிருந்தது: இன்று இல்லை: வார்டன்.

அவர் ஒரு வாரம் முன்னாலேயே குறித்துவைத்த நாள் அது. ஐயம்பேட்டைக்குப் போகிறேன், மறுநாள் வருகிறேன், என்னைத் தேடக் கூடாது என்று குடையை எடுத்துக்கொண்டு நின்றார்.

"இந்த மழையிலியா? இன்னொரு நாளைக்கு வெச்சிக்கக் கூடாதா?" என்றேன்.

"மழை இருக்குதா இல்லியான்னு பாத்தா மனுஷங்க காணாமப் போறாங்க? நல்லாருக்குதேக்கா நியாயம்!" என்று சிரித்தார். ஏழு மணி பஸ்ஸுக்குப் போயேவிட்டார்.

பத்து மணிக்குப் பின்கட்டில் கோழி கத்தியது. எட்டிப் பார்த்தேன். முருங்கை மரத்தடியில் தண்ணீர் நின்றது. மழைத் தண்ணீர் என்றுதான் நினைத்தேன். ஆனால் அது நகர்ந்தது. மேலே ஏதோ ஏரி உடைத்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துவைக்கிற கல் முழுகியது. வார்டம்மா என்று கத்தக்கூட வாயைத் திறந்துவிட்டேன். அப்புறம்தான் பலகை நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்த் தண்டவாளத்தை அடித்தேன். மூன்று, மூன்று, மூன்று. தோள்பட்டை கழன்றுவிடும்போல அடித்தேன்.

பெண்கள் இரண்டு பேரும் படுக்கைகளை எடுத்துவைத்துத் தயாராக நின்றார்கள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். தெருக்கோடியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவரும் இருபத்துநாலு பேரைக் காணோம். வந்தது மூன்றே பேர். மூன்று பேருமே கிழவர்கள்.

நான் முழங்கால் தண்ணீரில் ஏகாம்பரம் வீட்டுக்கு ஓடினேன். "யோவ் ஏகாம்பரம்! காது அடைச்சிப் போச்சா?" என்று கத்திக்கொண்டே உள்ளே நுழைந்தேன். வீட்டுத் தளம் உலர்ந்துதான் இருந்தது. ஆனால் தறிக் குழியில் தண்ணீர். நம் ஊர்த் தறி தரையில் குழி வெட்டிப் போடுவதாயிற்றே, நெய்கிறவர் கால் வைக்கிற குழி. மண்ணுக்குள்ளிருந்து ஊறி ஊறி ஏறிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் இடுப்பளவு தண்ணீரில் குழிக்குள் நின்றுகொண்டு, தறியில் ஏறி நின்ற பட்டுப் பாவு மொத்தத்தையும், நீள இழை அத்தனையையும், இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தார். அவர் மனைவியும் தம்பியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்திருந்தார்கள். மூன்று பேரும் அப்படியே சிலையாக நின்றார்கள். கையை எடுத்தால் பாவு தண்ணீரில் விழும்.

"அக்கா, இன்னிக்கி அமாவாச இல்லியேக்கா!" என்றார். "பாவு ஏறி நிக்குது. சேத்துத் தண்ணி பட்டா சாயம் எறங்கிடும், ஜரிகை கறுத்துடும். மொதலாளி வூட்டுப் பட்டு. இது போச்சின்னா நான் குடும்பத்தோட ஊர விட்டுப் போவணும். பாட்டிய நெனச்சா உசுரு துடிக்குது. நான் இன்னா செய்வேன்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு அமாவாசை ஒத்திகை பார்த்தோம். ஆறு நாளும் தறி சும்மா இருந்தது, குழி காலியாக இருந்தது. வேலை நாளில் வெள்ளம் வந்தால் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லையே! உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் ‘அது இல்லன்னா’ என்று கேட்ட அந்த அம்மா, ‘அமாவாச இல்லன்னா’ என்று கேட்கவில்லை. பன்னிரண்டு வீட்டிலும் இதே கதைதான்.

திரும்பி ஓடிவந்து கூடத்தில் நின்று கத்தினேன், யாரிடம் கத்துகிறேன் என்றே தெரியாமல். "பாவப் புடிச்சிக்கினு நிக்கிறாங்கப்பா எல்லாரும்! எவனும் வர மாட்டான்! தறிய வுட்டு எறக்கவும் ஆளில்ல, வுடவும் முடியல!"

"பாவு நனையுதா?" வடிவேலு தாத்தா எழுந்தார். "எறக்கத் தெரியாதா அந்தப் பசங்களுக்கு? அவுக்காம, விழுதும் அச்சும் பாவும் ஒண்ணாத் தூக்கி உத்தரத்துல கட்டணும்மா. தெரிஞ்ச கை மூணு நாலு வேணும். பதட்டத்துல எவனாவது அறுத்துத் தொலைச்சிடப் போறான். என்னக் கூட்டிக்கினு போ."

"உங்களுக்குக் கண்ணு..."

"பாவு எறக்கக் கண்ணு எதுக்குடி?" என்று அதட்டினார். என்னை இல்லத்தில் யாரும் ‘டி’ போட்டுப் பேசியதில்லை. அன்றைக்கு அது அமிர்தமாக இருந்தது.

கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தேன். பழைய நெசவாளிகள் பதினோரு பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாகத் தண்ணீரில் இறங்கினார்கள். முன்னால் நான், பின்னால் வடிவேலு தாத்தா. தண்ணீர் தொடை வரைக்கும் வந்துவிட்டது. தெருவில் ஏறியதும் நான் தொண்டை கிழியக் கத்தினேன்: "நாலு கை தரேன், ரெண்டு ஆள் குடு! பாவு எறங்கின வூட்டுல இருந்து ரெண்டு ஆள் எனக்கு!"

ஏகாம்பரம் வீட்டில் நாலு பேர் நுழைந்தார்கள். தாத்தாவின் விரல் பாவின் மேல் பட்டதும் அவர் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். "ம், எழுபது நம்பரு அச்சா? வலது பக்கம் யாரு? இறுக்கிப் புடி. இடது, கொஞ்சம் தளத்து. ஒண்ணு, ரெண்டு, தூக்கு!" அவ்வளவுதான். ஒரு இழை சிக்காமல் மொத்தப் பாவும் உத்திரத்தில் போய் உட்கார்ந்தது. ஏகாம்பரம் குழியை விட்டு எகிறிக் குதித்து, தம்பியை இழுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தார். "பாட்டி! வந்துட்டேன் பாட்டி!" என்று அவர் கத்தியது தெரு முழுக்கக் கேட்டது.

அதற்குப் பிறகு ஒரே ஓட்டம்தான். பாவு இறங்க இறங்க வீட்டுக்கு இரண்டு ஆள் புறப்பட்டார்கள். கீழே இருந்து ஒரு படுக்கை மேலே வரும், மேலே இருந்து இரண்டு பேர் கீழே போவார்கள். "அடுத்த வூடு! அடுத்த வூடு!" என்று தாத்தாவின் ஆட்கள் சுவரைத் தடவிக்கொண்டு ஓடினார்கள். ஆமாம், ஓடினார்கள். நான் கரும்பலகையை ஆணியோடு பிடுங்கி, எழுத்து நனையாமல் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு, யாருக்கு எந்த வீடு என்று கூவிக்கொண்டு போனேன். கடைசிப் படுக்கை மேடேறியபோது இல்லத்துக் கூடத்தில் இடுப்பளவு தண்ணீர். பன்னிரண்டு கட்டில்காரர்களும் மேலே. இருபத்தாறு பேர் நடந்து வந்துவிட்டார்கள். பன்னிரண்டு பாவும் உத்திரத்தில். நான் தெரு நடுவில் மழையில் உட்கார்ந்து பைத்தியம் மாதிரி சிரித்தேன். ஏகாம்பரத்தின் மனைவி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அன்று ஏகாம்பரம் வீட்டு அடுப்பில் கஞ்சி வைத்தேன். எல்லோருக்கும் ஊற்றும்போது மணி ஒன்று.

வார்டம்மா மறுநாள் வந்தார். ஐயம்பேட்டைப் பக்கம் ரோட்டு மேலே தண்ணீர் போனதால் பஸ் இல்லை. விடியற்காலையில் கிளம்பி, சுற்றிச் சுற்றி நடந்தே வந்திருந்தார். தூரத்தில் இல்லத்தைப் பார்த்திருக்கிறார், பாதிச் சுவர் வரைக்கும் சேறு. தெருவில் நுழையும்போது குடை இல்லை, செருப்பு இல்லை, கண்ணாடியில் ஒரு பக்கம் இல்லை. வீடு வீடாக நுழைந்து தொட்டுத் தொட்டு எண்ணினார். பன்னிரண்டாவது வீட்டில் இருந்து வெளியே வந்தவர், "முப்பத்தெட்டு" என்றார். மறுபடி, "முப்பத்தெட்டுக்கா" என்றார்.

நான் நடந்ததைச் சொன்னேன். அமாவாசையைப் பற்றிச் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டார். வடிவேலு தாத்தாவைப் பற்றிச் சொன்னபோது அப்படியே வாயைப் பிளந்தார்.

"சோறு எத்தினி மணிக்கு?"

"கஞ்சிதான். ஒரு மணி ஆயிடுச்சி."

"ஒரு மணி நேரம் லேட்டு" என்றார். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது.

வார்டம்மா வந்த அன்றைக்கு நான் லேட் செய்யவில்லை. பன்னிரண்டுக்கு வீடு வீடாகப் பரிமாறி முடித்து, பானையைக் கவிழ்த்துவிட்டு, ஏகாம்பரம் வீட்டு வாசலில் என் தட்டோடு உட்கார்ந்தேன். வார்டம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு அன்று செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை, எல்லாம் நடந்து முடிந்திருந்தது. கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு வாய் இருக்குதாக்கா? நேத்து காலையில சாப்ட்டது."

எல்லோரையும் எண்ணித்தான் உலை வைத்தேன். இவரை எண்ணவில்லை. வாசல் தூணில் சாய்த்து வைத்திருந்த பலகையை அவரே பார்த்துவிட்டார். சேறு தெறித்திருந்தாலும் அவர் கையெழுத்து அழியவில்லை: இன்று இல்லை: வார்டன்.

"ஓ" என்றார். சிரிக்கப் பார்த்தார். "சரிதான். நான் இல்லியே. ரூலு ரூலுதான்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "போதும் நிறுத்தும்மா உன் ரூல!" என்று கத்தினேன். முதல் தடவையாக அவரை ‘உன்’ என்றேன். "காணாமப் போன ஆளு திரும்பி வந்தா இன்னா செய்வேன்னு கேட்டியா? ஊர்ல எல்லாத்தயும் கேட்டியே, இத ஒண்ணு கேட்டியா?"

அந்தக் கேள்வி அவருக்கு உண்மையிலேயே புதிது. நான் என் தட்டை அவர் மடியில் வைத்தேன். ஒரு கவளம் எடுத்தார், வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் விம்மி விம்மி அழுதார். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். முடித்ததும் கையைக்கூடக் கழுவாமல், "அக்கா, அத நீங்களே எழுதுங்க" என்று சாக்பீஸ் துண்டைத் தேடிக் கொடுத்தார். எனக்குக் கோணல் எழுத்து. இருந்தாலும் எழுதினேன்: இல்லாத ஆளுக்கும் ஒரு தட்டு.

அதற்கப்புறம் ஒத்திகை எல்லாம் வேலை நாளில்தான் நடந்தது. வடிவேலு தாத்தாதான் அதற்குத் தளபதி. ஐந்தாறு வருஷம் கழித்து வார்டம்மா வேறு ஊருக்குப் போனார். அங்கிருந்து கொஞ்ச நாள் எனக்குத் தபால் வந்தது, அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. அவர் போன மறுநாள் பன்னிரண்டு மணிக்கு ஒரு தட்டு கூடுதலாகப் போட்டேன். நான் அங்கே இருந்த வரைக்கும் தினமும் போட்டேன். அவர் வரவில்லை. ஆனால் அந்தத் தட்டுச் சோறு ஒரு நாள்கூட மிஞ்சவில்லை, யாராவது ஒருவர் பசியோடு வந்துகொண்டுதான் இருந்தார்.